முக்கால் அடி கூடியிருக்கிறது

செப்டம்பர் 3

அண்ணாவுக்கு,

போன் செய்தால் உனக்குக் காது கேட்காது. மெசேஜ் அனுப்பினால் அண்ணியின் போனுக்குத்தான் வரும். நீ மட்டும் படிக்க வேண்டிய விஷயம் என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன். சிரிக்காதே.

அன்றைக்கு அண்ணியின் அப்பா அம்மா எதிரில் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. "எங்க அண்ணன் பூமிக்கு ஓட்டை போடுறாரு, நான் அதை அடைக்கப் படிக்கிறேன்" என்று வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தேன். நீ பாதிச் சாப்பாட்டில் தட்டை நகர்த்திவிட்டு எழுந்த பிறகுதான் யாரும் சிரிக்கவில்லை என்று எனக்கு உறைத்தது. சொன்ன விஷயம் தப்பு என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. சொன்ன இடம் தப்பு. இப்போதைக்கு இந்த அரை மன்னிப்பை வைத்துக்கொள்.

இங்கே காலேஜில் ஒன்றும் சரியில்லை. இயற்கை வளப் பாதுகாப்பு என்று பெயர்ப்பலகையில் பெரிதாக இருக்கிறது. முதல் வருடம் முப்பத்தொரு பேர் இருந்தோம், இப்போது பத்தொன்பது. மண் மாதிரிகள் நிரப்பிய பாட்டில்கள் அலமாரியில் தூசி பிடித்துக் கிடக்கின்றன. படித்து முடித்து எங்கே வேலை என்று வகுப்பில் யாரும் கேட்பதில்லை. பதில் தெரிந்துவிடுமோ என்று பயம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன கோடையில் நம் தெருவில் நாங்கள் மழைநீர்க் குழி தோண்டினோமே, தையல் அக்கா வீட்டில், பள்ளிக்கூடத்தில், ரொட்டிக்கடைக்குப் பின்னால். அந்தக் குழிகளால் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் ஏறுகிறதா என்பதுதான் என் கடைசி வருட ப்ராஜெக்ட். வாரம் ஒருமுறை மூன்று கிணறுகளையும் அளக்க வேண்டும். என்னுடன் சேர்ந்து அளக்க வேண்டியவள் படிப்பை விட்டுவிட்டு மருந்துக்கடையில் வேலைக்குப் போய்விட்டாள். அரை நாள் பஸ்ஸில் ஒவ்வொரு வாரமும் என்னால் வந்துபோக முடியாது. அளவு இல்லாவிட்டால் ப்ராஜெக்ட் இல்லை, ப்ராஜெக்ட் இல்லாவிட்டால் பட்டம் இல்லை.

நீ அளந்து தருவாயா? டேப், ஒரு பெட்டி சாக்பீஸ், படிவம் எல்லாம் பார்சலில் வைத்திருக்கிறேன். டேப்பின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்துக் கிணற்றில் இறக்கினால், எதுவரை நனைந்திருக்கிறது என்று தெரியும். சத்தம் கேட்க வேண்டியதில்லை. உன் காதுக்காகவே இந்த முறையைத் தேர்ந்தெடுத்தேன்.

தங்கச்சி


செப்டம்பர் 14

வாலு,

பார்சல் வந்தது. சாக்பீஸ் பாதி உடைந்து வந்தது.

என்னிடம் கேட்டிருக்கிறாய் பார், அதுதான் ஆச்சரியம். கோழிக்குக் காவல் இருக்க நரியைக் கூப்பிட்ட மாதிரி. சரி, அளக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை போர் போடுகிற வண்டி ஓடாது, அப்போது போகிறேன்.

ஆனால் உன் படிவம் என்னால் ஆகாது. ஒன்பது கட்டம் போட்டிருக்கிறாய். வெப்பநிலை, மேகமூட்டம், அளவிடும் புள்ளியின் உயரம், இன்னும் என்னென்னவோ. நாள் முழுக்க கம்ப்ரசர் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தால் என் கை ராத்திரி வரைக்கும் உதறிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சின்னக் கட்டத்துக்குள் எழுத்து நிற்காது. ஒரு வரியில் முடிகிற மாதிரி ஏதாவது சொல்.

தையல் அக்கா உன்னைக் கேட்டாள். "உன் தங்கச்சி தோண்டின குழியில கொசுதான் வளருது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அன்றைக்கு நடந்ததை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் காதில் எதுதான் போகிறது.

அண்ணன்


செப்டம்பர் 22

அண்ணா,

படிவத்தைத் தூக்கிப் போடு. முதல் அளவு நானே எடுத்து வைத்திருக்கிறேன். அதனால் முழு அளவுகூட வேண்டாம். போன வாரத்தைவிட எத்தனை அடி கூடியிருக்கிறது, இல்லை குறைந்திருக்கிறது என்று மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அனுப்பு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். கவனமாக அளந்தால் போதும்.

கொசுவைப் பற்றி அக்காவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

தங்கச்சி


அக்டோபர் 6

தையல் அக்கா கிணறு, முக்கால் அடி கூடியிருக்கிறது. பள்ளிக்கூடம், அரை அடி கூடியிருக்கிறது. ரொட்டிக்கடை, ஒரு அடி கூடியிருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை.

அண்ணன்


நவம்பர் 17

தையல் அக்கா, கால் அடி குறைந்திருக்கிறது. மற்ற இரண்டிலும் அரை அடி குறைந்திருக்கிறது. இரண்டு வாரமாக மழை.

முதுகு வலி. அண்ணி எண்ணெய் தடவுகிறாள். நீ சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள்.

அண்ணன்


ஜனவரி 11

அண்ணா,

உன் பதினைந்து துண்டுச் சீட்டுகளும் வந்து சேர்ந்தன. கூட்டிப் பார்த்தேன். தையல் அக்கா கிணற்றில் மட்டும் பதினோரு அடி! மூன்று முறை கூட்டினேன், மூன்று முறையும் பதினொன்றுதான் வந்தது.

நாலு வருடத்தில் முதல்முறையாக, தோண்டியது வீணில்லை என்று தோன்றியது. என் ப்ராஜெக்ட்டைப் பார்க்கிற மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அறிக்கையை இரண்டாவது தடவை படித்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் நம்புகிறார் என்று அர்த்தம். மழை பெய்த அந்த இரண்டு வாரத்தில் மட்டும் ஏன் குறைந்தது என்று கேட்டார். மழை நாளில் சேறு குழியின் வாயை அடைத்திருக்கும், அதற்குள் மோட்டாரும் ஓடியிருக்கும் என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். "நல்ல விளக்கம்" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார்.

சுருக்கத்தை நம் ஊர் நிலத்தடி நீர் அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டார். அங்கே ஏதோ முடிவு எடுக்கப் போகிறார்களாம், இது உதவும் என்றார். வாய்மொழித் தேர்வு ஏப்ரல் 24. அதுவரை தூங்கலாம் போல இருக்கிறது. தூக்கம்தான் வரவில்லை.

எல்லாம் நீ அளந்து தந்ததால்தான். இப்போது முழு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கச்சி


பிப்ரவரி 9

வாலு,

அலுவலகத்துப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். நம் பகுதியில் புதிதாக போர் போடத் தடை வருவதாக இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். அங்கே இருக்கிற கிளார்க் என்னைக் கூப்பிட்டு, "உன் தங்கச்சி காலேஜ்ல இருந்துதான் தண்ணி ஏறியிருக்குன்னு எழுதியிருக்காங்க. உனக்கு இனிமே தலைக்கு மேல வேலைதான் போ" என்று முதுகில் தட்டினார்.

பதினோரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை ஆரம்பிக்கிறேன்.

இனிமேல் அளக்க வேண்டியதில்லையே. டேப்பை அண்ணியிடம் கொடுத்திருக்கிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 20

அண்ணா,

உன் கடிதத்தில் ஏதோ குறைகிறது. சந்தோஷமா, கோபமா என்று தெரியவில்லை. தடையை எடுத்ததில் எனக்கு அவ்வளவாக மகிழ்ச்சியில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஏறிய தண்ணீரை உடனே உறிஞ்சவா நாங்கள் குழி தோண்டினோம்? ஆனால் உனக்கு வேலை வந்தது எனக்குச் சந்தோஷம்தான். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று நினைக்கிறேன்.

ஏதாவது எழுது.

தங்கச்சி


மார்ச் 12

அண்ணா,

நீ பதில் போடவில்லை. நேற்று அண்ணியிடம் போனில் பேசினேன். வழக்கமாகச் சாப்பிட்டாயா என்பதோடு வைத்துவிடுவாள். நேற்று, "தையல் அக்கா குடத்தை எடுத்துக்கிட்டு நம்ம வீட்டுக்குத்தான் வருது, அவங்க கிணறு வத்திடுச்சு" என்றாள்.

எப்படி வற்றும்? பதினோரு அடி ஏறிய கிணறு இரண்டு மாதத்தில் எப்படி வற்றும்? பாறை வெடிப்பில் ஏதாவது நடந்ததா? பக்கத்தில் போர் போட்டாயா? எத்தனை அடியில் தண்ணீர் வந்தது? எனக்கு ஒன்றும் புரியவில்லை. அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் போட்டுத் தலை வலிக்கிறது.

தங்கச்சி


மார்ச் 19

வாலு,

எப்படி வற்றும் என்று என்னைக் கேட்கிறாய். நெஞ்சைத் தொட்டுச் சொல், உனக்குத் தெரியாதா?

அக்கா வீட்டுக்குப் பின்வீட்டில்தான் முதல் போர். அறுநூற்று நாற்பது அடி இறக்கினேன். தூசிதான் வந்தது. வெள்ளைத் தூசி, முகமெல்லாம், பல்லுக்குள்ளெல்லாம். இருநூற்றுப் பத்தில் கொஞ்சம் ஈரம் வந்தது, அதோடு சரி. அந்த ஈரம் அக்கா கிணற்றுக்குப் போக வேண்டிய ஊற்று. மூன்றாம் நாள் அவள் கிணற்றில் வாளி சேற்றில்தான் விழுந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. "எனக்கென்னப்பா தெரியும், படிச்சவங்க தண்ணி இருக்குன்னுதானே சொன்னாங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

நாலு மாதமாக வாராவாரம் எழுதினேனே, அளவு கூடியிருக்கிறது, கூடியிருக்கிறது என்று. ஒவ்வொரு வாரமும் தண்ணீர் கீழே கீழே போகிறது என்று உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தே ஏறியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

ஏன் என்று எனக்குத் தெரியும். தடை வந்தால் என் வண்டி நின்றுவிடும் என்று யோசித்திருக்கிறாய். அன்றைக்குச் சாப்பாட்டில் சொன்னதற்குப் பிராயச்சித்தம் மாதிரி. எனக்காகப் பொய் எழுதியிருக்கிறாய். உன் ஜனவரிக் கடிதத்தைப் படித்தபோது குழம்பினேன், பலகையைப் படித்த அன்றைக்கே புரிந்துவிட்டது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை வண்டியைக் கிளப்பினேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, தங்கச்சிக்கு என் மேல் இவ்வளவு பாசமா என்று. அதை நினைத்தால்தான் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

நீ என்னை ஓட்டை போடுகிறவன் என்று சொன்னபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. அன்றைக்கு நீ நம்பியதைச் சொன்னாய்.

அண்ணன்


மார்ச் 24

அண்ணா,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். முதல் மூன்று முறை அழுதேன். நாலாவது முறை எழுந்து போய் உன் சீட்டுகளை எடுத்துக் கட்டில் மேல் வரிசையாகப் பரப்பினேன்.

நான் பொய் எழுதவில்லை அண்ணா. எனக்குத் தெரியவே தெரியாது.

நீ "கூடியிருக்கிறது" என்று எழுதியது ஆழம். நான் படித்தது தண்ணீர். நாள் முழுக்க எத்தனை அடி இறங்கினோம் என்று எண்ணுகிறவன் நீ, உனக்கு அடி கூடினால் தண்ணீர் எட்டப் போய்விட்டது என்று அர்த்தம். நான் கிணற்றுக்குள் தண்ணீர் ஏறுகிறதா என்று மட்டும் பார்க்கிறவள், எனக்குக் கூடினால் ஏறியது. முழு அளவு வேண்டாம், கூடியதா குறைந்ததா என்று மட்டும் எழுது என்று சொன்னதும் நானேதான். ஒரே ஒரு தடவை முழு அளவை எழுதச் சொல்லியிருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும்.

மழை பெய்த இரண்டு வாரமும் நீ குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். மழையில் தண்ணீர் ஏறியிருக்கிறது, அளவு குறைந்திருக்கிறது. எவ்வளவு சரியாக எழுதியிருந்தாய்! அதற்கு நான் சேறு, மோட்டார் என்று அரைப் பக்கம் அளந்துவிட்டு, நல்ல விளக்கம் என்று பாராட்டும் வாங்கினேன். தண்ணீர் ஏற வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அதனால் கண்ணுக்கு ஏறியதாகவே தெரிந்தது.

நீ என்னைப் பற்றி அப்படி நினைத்தது எனக்குக் கோபம். நினைத்துவிட்டுக் கேட்காமலே இருந்தது அதைவிடக் கோபம். ஆனால் கோபப்படவும் தெம்பில்லை.

மேடத்திடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் ப்ராஜெக்ட் போச்சு, ஏப்ரல் 24 போச்சு, இன்னொரு வருடம் இதே அறை, இதே மின்விசிறி. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். திருத்தி அனுப்பினால் அலுவலகத்தில் தடை திரும்ப வந்துவிடும். நீ வாங்கி வைத்திருக்கிற வேலையெல்லாம் நிற்கும், வண்டி நிற்கும். நீ நாலு மாதம் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு அளந்து தந்த அதே எண்ணை வைத்து உன் பிழைப்பில் நானே கை வைக்க வேண்டும்.

நீ "விட்டுவிடு" என்று எழுதினால் விட்டுவிடுவேன். அப்படி எழுதிவிட மாட்டாயா என்று ஆசையாகக்கூட இருக்கிறது. எனக்கு ரொம்ப அலுப்பாக இருக்கிறது அண்ணா. நீயே சொல்.

தங்கச்சி


ஏப்ரல் 8

வாலு,

முதலில் மன்னிப்பு. நீ அரை அரையாகக் கேட்பாய், நான் முழுசாகக் கேட்கிறேன். உன்னை அப்படி நினைத்தது தப்பு. கேட்காமல் இருந்தது அதைவிடத் தப்பு. உன் கடிதத்தை அண்ணியிடமும் காட்டினேன். "ரெண்டு பேரும் ஒரே வீட்ல வளர்ந்தீங்கன்னு சொன்னா யார் நம்புவா" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இரண்டாவது, நீ கேட்டது. விட்டுவிடு என்று ஒரு கடிதம் எழுதினேன். உண்மையாகவே எழுதினேன். உறையில் போட்டு ஒட்டியும் வைத்தேன். எனக்கு நாற்பத்திரண்டு வயது, இந்த வண்டியை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது. ஒரு வருஷம் உனக்கும் வீண், எனக்கும் வீண், யார் கேட்கப் போகிறார்கள் என்று தோன்றியது. காலையில் அதை எடுத்துக்கொண்டு தபால்பெட்டிக்குப் போகிற வழியில், தையல் அக்கா இரண்டு குடத்தோடு நம் வீட்டை நோக்கி எதிரே வந்தாள். தினமும் அறுபது அடி நடந்து வருகிறாள், திரும்ப அறுபது அடி தூக்கிக்கொண்டு போகிறாள். குடத்தை வாங்கி நிரப்பி அவள் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

வண்டியை நிறுத்திவிட்டு, அண்ணியிடமிருந்து டேப்பைத் திரும்ப வாங்கினேன். இந்தப் பக்கம் நான் போட்ட போர்களில் மூடி திறக்கிற மாதிரி இருந்தது நாற்பத்தொன்று. நாலு நாள் ஆயிற்று. டேப் எட்டாத இடத்தில் கயிறு கட்டி நீட்டினேன். ஒவ்வொன்றும் போட்ட அன்றைக்கு எத்தனை அடியில் தண்ணீர் இருந்தது என்று என் பழைய நோட்டில் இருக்கிறது. பக்கத்தில் இன்றைய அளவை எழுதினேன். கூடியது குறைந்தது ஒன்றும் எழுதவில்லை, வெறும் எண் மட்டும். ஒன்பதில் டேப் காய்ந்தே வந்தது. எத்தனை துளைகள், எல்லாம் நான் போட்டது. அன்றைக்கு நீ சொன்னதில் பாதியாவது உண்மை என்று நாலாம் நாள் நான் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மீதிப் பாதிக்கு நேரில் சண்டை போடலாம்.

உன் பதிலுக்குக் காத்திருந்தால் நீ எனக்காக யோசிப்பாய், நான் உனக்காக யோசிப்பேன், அதற்குள் மீதிப் பேர் வீட்டிலும் துளை விழுந்துவிடும். அதனால் நேற்று நானே அலுவலகத்துக்குப் போனேன். மேடத்திடம் நீ சொல்வதற்குள் அங்கிருந்து கடிதம் வந்துவிடும், நாளைக்கே சொல்லிவிடு. பெயர் கொடுத்தவர்களிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். மூன்று பேர் கதவைச் சாத்தினார்கள்.

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து தடை திரும்ப வருமாம், வண்டி ஓடாது. நீ இன்னொரு வருஷம் படி. நான் என்ன செய்வேன் என்று இப்போது கேட்காதே, தெரியவில்லை. கையாவது உதறாமல் இருக்கும்.

அலுவலகத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அதே கிளார்க்தான். தாளை வாங்கிப் படித்துவிட்டு, "யார் அளந்தது?" என்றார். "நான்தான் சார், எல்லாம் நான் போட்ட போர்தான்" என்றேன். "உன் வயித்துல நீயே அடிச்சுக்கிறியே, தெரியுதா?" என்று என் காதில் ஏறும்படி கத்திக் கேட்டார். தெரியும் என்றேன். எழுந்து உள்ளே போய் அதிகாரியைக் கூட்டிவந்தார். அதிகாரி நின்றுகொண்டே படித்தார். காலேஜ் அறிக்கை தப்பு என்று கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். என் தங்கச்சி சார் என்றேன். அந்த அறிக்கையை எழுதியது யார் என்று கேட்டார். அதுவும் என் தங்கச்சிதான் சார் என்றேன்.

அவர் தாளைக் கிளார்க்கிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "அப்ப நல்லாப் படிக்கிற பொண்ணுதான்" என்றார்.

ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அண்ணன்